வாசற்படிக்கு அடியில் பொன்

செய்தி வந்தது மாலை விளக்கேற்றும் நேரத்தில். ஊரில் உள்ள, ராஜா காலத்துப் பெரிய கோயிலின் நிலவறையைத் திறந்துவிட்டார்கள், உள்ளே பொன் குவிந்து கிடக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். ஸ்ரீவராகம் தெருவில் அன்று யாருக்கும் சமையலில் மனம் இல்லை. அனந்தலக்ஷ்மியின் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

அவள் கணவர் நாகேஸ்வரன் டிவிக்கு முன்னால் நின்றபடியே திரும்பினார்.

"கேட்டயா, நம்ம கொள்ளுத்தாத்தா அங்கேதானே மடப்பள்ளியில இருந்தார்?"

"இருந்தார். சாதம் வடிச்சார்."

"அத்தனை வருஷம் வடிச்சவருக்கு ராஜா கையால ஏதாவது கிடைக்காமயா இருந்திருக்கும்?"

அனந்தலக்ஷ்மி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். இந்த மனிதரை அவளுக்குத் தெரியும். விழிஞ்ஞம் கடற்கரையில் மீன் வலையில் ஏதோ பழைய செம்பு சிக்கியது என்று கேள்விப்பட்டால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவார். சாலைக் கடைகளில் பழைய பாத்திரம் பார்த்தால் நகத்தால் சுரண்டுவார். ஆனால் சொந்தமாக ஒரு மோதிரம்கூடப் போட்டதில்லை. தங்கம் மண்ணுக்கடியில் இருந்தால்தான் அவருக்கு அழகு.

மறுநாளிலிருந்து அம்மிக் குழவியை வைத்துக்கொண்டு வீட்டுத் தரை முழுக்கத் தட்டினார். வாசற்படிக் கல் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை நம்ம பத்மஜாவைப் பொண்ணு பாக்க கரமனையிலேருந்து வரா. அதுவரைக்கும் அந்தக் கல்லைத் தொடப்படாது. மூணு ஜாதகம் தட்டிப்போயாச்சு. இதுவும் போனா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள். அவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கடப்பாறைச் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். கல் பெயர்ந்து கிடந்தது. நாகேஸ்வரன் முழங்கை வரை மண்ணோடு குழிக்குள் குனிந்திருந்தார்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. ராகுகாலம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடலாம் என்று பையனின் அப்பா பட்டாபி தீர்மானித்துவிட்டார்.

"என்ன ஸார், கிணறு வெட்டறேளா?"

அனந்தலக்ஷ்மி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள். நாகேஸ்வரனோ முகம் முழுக்கச் சிரிப்பாக ஒரு செப்புச் சிமிழைத் தூக்கிக் காட்டினார்.

"கெடச்சுடுத்து, ஸார்!"

பட்டாபி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பட்டு வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குழியருகே குந்தினார். "பொறுங்கோ, பொறுங்கோ. மூடியை நெம்பாதேங்கோ, பொடிஞ்சுபோகும்." பையனும் குந்தினான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பத்மஜா வெளியே வந்து, குழிக்கு மறுபக்கம் குந்தினாள்.

மூடி திறந்தது. உள்ளே தூளாகிப்போன தானியம். நடுவே குன்றிமணியில் பாதிகூட இல்லாத ஒரு பொன் துணுக்கு.

அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட ராமா! புதையலுமில்லே, ஒண்ணுமில்லே. வாசக்கால் நிறுத்தறச்சே அடியில நவதானியமும் துளிப் பொன்னும் போடறதாக்கும் இது! வாசக்கால் வெச்ச எல்லா வீட்டிலேயும் இருக்குமே!"

"எங்காத்திலேயும் இருக்குமோ?" என்றார் பட்டாபி ஆவலாக.

"நீங்க வேறே, தோண்டிண்டு நிக்காதேங்கோ!" என்று அவர் மனைவி ஆட்டோவுக்குள்ளிருந்தே அதட்டினாள்.

பத்மஜா விழுந்து விழுந்து சிரித்தாள். எதிரே மூக்கில் மண்ணோடு பையனும் சிரித்தான். காபி, கேசரி எல்லாம் குழியைச் சுற்றியே நடந்தது. கிளம்பும்போது பட்டாபி சொன்னார்: "இந்தப் பொண்ணுதான் எங்காத்துக்கு. அந்தச் சிமிழை மட்டும் பத்திரமா திரும்ப வெச்சுடுங்கோ."

நாகேஸ்வரன் புது நவதானியம் போட்டுச் சிமிழை இறக்கி, கல்லை மேலே வைத்தார். சிமெண்ட் நாளைக்கு என்றார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கல்லைத் தூக்கிக் காட்டினார். பேரன் பிறந்தபோது அவனுக்கும் காட்டினார். தபால்காரர், கேஸ்காரர் யாரையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்.

போன மாதம் அவர் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்கள் காலடியிலெல்லாம் அந்தக் கல் ஆடியது. மாடிப்படிக்கு அடியில் அவர் வாங்கிப் போட்ட சிமெண்ட் மூட்டை பாறையாக இறுகிக் கிடக்கிறது. வாசற்படிக் கல்லை இன்னும் பூசவில்லை.