பிரித்து வைத்த வசனம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பைபிள் வகுப்புக்காக, எஞ்சினியரான நான் வசனங்களைத் தலைப்புவாரியாக எக்செல்லில் பிரித்து வைத்திருந்தேன். கணவன் பெல்ட்டால் அடித்ததால் தாய் வீட்டுக்கு வந்திருந்த தோழி ஷாமினி, "திரும்பிப் போகவா? பைபிள் என்ன சொல்லுது?" என்று கேட்டாள். 'திருமணம்' பகுதியிலிருந்து, மனைவி கணவனுக்குப் பணியவேண்டும் என்ற வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் போனாள். மூன்றாம் நாள் அவன் அவளது தலையைச் சுவரில் அடித்து, கையையும் முறித்தான்.

ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுப் போடாத கையால் என் பைபிளைத் திறந்து அந்த அதிகாரத்தைக் காட்டினாள்.

"புருசனை, மனுசியைத் தன்ர உடம்பு மாதிரிப் பாக்கச் சொல்லிக் கீழேயே இருக்குதடி. எஞ்சினியரம்மா, உன்ர லிஸ்டில இது எங்க?"

அதை நான் 'அன்பு' பகுதியில் போட்டிருந்தேன்.

ஷாமினி இப்போது தாய் வீட்டில்தான் இருக்கிறாள். எக்செல்லை அழித்துவிட்டேன். யாராவது வசனம் கேட்டால், வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்கிறேன். பிறகு அவர்களோடு உட்கார்ந்து முழு அதிகாரத்தையும் வாசிக்கிறேன்.