தூக்கிப்போட்ட விடை

தார்ப்பாய்ப் பட்டறையில் அவளுக்குப் பெயர் கத்திரியக்கா. கையில் இருப்பதும் கத்திரி, வாயில் இருப்பதும் அதுதான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. லாரிக்கோ கடை வாசலுக்கோ, அளவைச் சொன்னால் போதும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து ஒரே மூச்சில் வெட்டிவிடுவாள். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு.

வெட்டும் பகுதியைக் கவனிக்கும் பெரியவர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஸ்கூல் ஃபைனல் பாஸ் பண்ணிட்டு வாம்மா, அந்த வேலை உனக்குத்தான். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துருவேன்." மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இனி ஒரே ஒரு வாய்ப்பு.

மாலை வகுப்பு வாத்தியாருக்கு அவள் தம்பி வயதுதான் இருக்கும். அவள் போட்ட இருபடிச் சமன்பாடுகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். x-லிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்தினால் இருபத்தைந்து. வர்க்கமூலம் எடுத்து ஐந்து, ஆகவே x எட்டு என்று முடித்திருந்தாள்.

"இன்னொரு விடை எங்கக்கா?"

"அது மைனஸ்ல வந்துச்சு சார். தூக்கிப் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"மைனஸ் ரெண்டு அடிக்கு எவன் சார் தார்ப்பாய் வாங்குவான்?"

வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒண்ணையும் விடாதீங்கக்கா, ரெண்டையும் எழுதுங்க," என்று மட்டும் சொன்னார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இல்லாத ஒன்றை எப்படி எழுதுவது?

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத ஆள். அன்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:

"நான் மூணாவது மாடியில நிக்கிறேன். அஞ்சு மாடி தள்ளி லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு போன் வருது. எங்க போவேன்?"

"எட்டாவது மாடிக்கு."

"நான் எட்டுக்கு ஏறுவேன். மாட்டினவன் கீழ பார்க்கிங்ல, மைனஸ் ரெண்டுல, கத்திக்கிட்டு இருப்பான்."

அவள் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கணக்கிலும் அவள் மைனஸை விட்டதில்லை. கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று வேலைக்கு நடுவிலும் முணுமுணுத்தாள். பட்டறையில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தேர்வு நன்றாகவே போயிற்று. கடைசிக் கணக்கு இது: சதுரமான ஒரு துணியின் பக்கத்தை மூன்று அடி கூட்டினால் பரப்பு நூறு சதுர அடி, பழைய பக்கம் எவ்வளவு? வர்க்கமூலம் எடுத்தாள், மூன்றைக் கழித்தாள். ஏழு, மைனஸ் பதின்மூன்று. மைனஸை அடிக்கப் பேனா தானாகவே போனது. துணிக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது என்று அவளுக்கா தெரியாது? ஆனாலும் பயம் வந்துவிட்டது. இரண்டு முறை தோற்றது இப்படித் தூக்கிப்போட்டுத்தானே? இரண்டையும் விடை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்த அன்று, வேலையிலிருந்து திரும்பிய கணவன் வாசலிலேயே கேட்டான்.

"என்ன ஆச்சு?"

"பாஸ். வேலையும் எனக்குத்தான்னு முதலாளி சொல்லிட்டாரு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோற்றபோதெல்லாம் கண் கலங்காதவள். அவன் பதறிப்போனான்.

"பாஸ்தானே ஆயிட்ட, எதுக்கு அழுவுற?"

"எல்லாக் கணக்கும் யாரோ சொல்லிக்கொடுத்துப் போட்டதுங்க. அந்தத் துணிக் கணக்கு ஒண்ணுதான் எனக்கே தெரிஞ்சது. அதைப்போய் தப்பா எழுதிட்டு வந்துட்டேன்."