உபயம் எழுதாத கூரை

என் வேலை என்னவென்று என் நாத்தனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "அண்ணி, பணக்காரங்க வீட்ட எட்டிப் பாக்கறதுக்கா யுனிவர்சிட்டியில சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்பாள். கேட்டதோடு விடமாட்டாள். "எனக்கும் அங்க ஒரு வேலை பாத்துக் குடுங்க லா. நம்ம தாமான்ல எந்தத் தெருவுல யார் வீட்ல என்ன நடக்குதுன்னு நான் சும்மாவே சொல்றேன்" என்பாள்.

மலேசியாவில், நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் இருக்கிறேன். பெரிய தொகை கொடுக்கக்கூடியவர் யார், எதைச் சொன்னால் அவர் மனம் இளகும், யாரை அனுப்பினால் கதவைத் திறப்பார் என்று விசாரித்து எழுதித் தருவது என் பொறுப்பு. நிறுவனப் பதிவுகள், பழைய பத்திரிகைகள், சங்கங்களின் ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் மேய்வேன். வம்பு விசாரிப்பது எனக்குப் பிறவிக் குணம். அதற்கு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கசக்குமா என்ன?

அந்த ஆண்டு எங்களுக்குத் தலைபோகிற காரியம் ஒன்று இருந்தது. வளாகத்தின் பின்புறம் ஒரு பழைய கட்டடம். பகாவ், சுவா பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களிலிருந்து வந்து படிக்கிற பெண்பிள்ளைகள் வாடகையில்லாமல் தங்குகிற விடுதி அது. அதன் கூரை சல்லடையாகிவிட்டிருந்தது. மழை வந்தால் கட்டில்களை ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு வாளிகளை வைப்பார்கள். தாதியர் படிப்பு படித்த பெண் ஒருத்தி தன் புத்தகங்களையெல்லாம் குப்பைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். கூரையைச் சரிசெய்யப் பணமில்லை, பருவத் தேர்வு முடிந்ததும் விடுதியை மூடிவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. மூடினால் அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் படிப்பை விட்டுவிடுவார்கள். பகாவிலிருந்து தினமும் வந்து போக முடியுமா? வெளியே அறை எடுக்கத்தான் வசதி இருக்கிறதா? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் தேடலில் ஒருவர் அகப்பட்டார். செனவாங்கில் இரும்புக் கூரைச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். நல்ல வசதி. ஆனால் எந்தச் சங்கத்துக்கும், எந்தப் பள்ளிக்கும் அவர் கொடுத்ததாக ஒரு செய்தி இல்லை.

"அக்கா, அவர விட்டுருங்க. சுத்தக் கஞ்சன்" என்றார் எங்கள் இயக்குநர். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர், எந்நேரமும் கோட்டு. முன்பொரு முறை பெரிய மண்டபம் ஒன்றுக்கு அந்தத் தொழிற்சாலைக்காரர் பெயரை வைத்து வரைந்த படத்தோடு எங்கள் ஆட்கள் போயிருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டாராம். "பேர் போட்டுத் தர்றோம்னு சொல்லியே குடுக்காத மனுஷன், வேற எதுக்குக் குடுக்கப் போறாரு?" என்றார் இயக்குநர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் நன்கொடைக் கையேட்டில் படிக்கட்டுக்குக்கூட ஒரு தொகையும் ஒரு பெயர்ப்பலகையும் உண்டு.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யாரும் லேசில் விலகுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கஞ்சனிடம் எவன் கிடப்பான்? ஒரு பழைய பேட்டியில், தான் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்ததாக ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா வந்தது. நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே வரிசையாகக் கார்கள். கோலாலம்பூர், ஜொகூர் என்று போய்விட்டவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சாமி கும்பிட்டேனோ இல்லையோ, சுவர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மின்விசிறியின் இறக்கையில் உபயம், கடிகாரத்தில் உபயம், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் உபயம். டியூப் லைட்டில் குடும்பத்தார் எல்லாருடைய பெயரையும் எழுதி வெளிச்சத்துக்குக் கொஞ்சம்தான் இடம் விட்டிருந்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் துள்ளியது. யார் எதற்குக் கொடுப்பார், யாரோடு போட்டி போட்டுக் கொடுப்பார் என்று நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயமெல்லாம் அங்கே சுவரில் மாட்டியிருந்தது. ஆனால் என் ஆளின் பெயர் எங்கேயும் இல்லை.

அன்னதானத்துக்கு உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேச்சுக் கேட்காத அளவுக்குக் கூரையில் இரைச்சல். கோயில் முற்றம் முழுக்க ஜனம், ஒருவர் இலையிலும் ஒரு சொட்டு விழவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். பச்சை வண்ணம் பூசிய இரும்புச் சட்டங்கள். அவருடைய தொழிற்சாலைப் படங்களை வாரக்கணக்கில் பார்த்த கண் இது, அந்தப் பச்சையை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடும்.

"அண்ணி, சோறு கீழ இருக்கு. மேல என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

கையைக் கூடக் கழுவாமல் எழுந்து போய்க் கோயில் தலைவரைப் பிடித்தேன். "இந்தக் கூரை யார் உபயம் அண்ணே? பேரே காணோமே?"

"அதுக்குப் பேர் கிடையாது லா. எழுதுனா மறுநாளே ஆள் கொண்டாந்து கழட்டிட்டுப் போயிருவேன்னுட்டாரு" என்றவர், கொஞ்சம் தயங்கித்தான் மீதியைச் சொன்னார். கூரை போட்டுக் கொடுத்தவருக்குப் பள்ளிக்கூட வயது இருக்கும்போது அப்பா நோயில் விழுந்து வேலையிலிருந்து நின்றிருக்கிறார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்தாக வேண்டும். "அப்ப இங்க கூரையே கிடையாது. அவங்கம்மா புருஷனையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு, மூட்ட முடிச்சோட இந்த எடத்துலதான் உக்காந்திருந்திச்சு. நல்ல மழைக்காலம்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே குதிக்கவும் தோன்றியது, ஒளிப்பானேன். என் தொழில் அப்படி.

மறுநாள் இயக்குநருக்கு எழுதிய குறிப்பில் அந்த மழைக்காலத்தை நான் சேர்க்கவில்லை. அது அந்த மனிதர் வீட்டுச் சங்கதி, எங்கள் கோப்புக்கானது அல்ல. 'கொடுப்பவர்தான். பெயர் என்ற பேச்சை எடுக்காதீர்கள். கூரை ஒழுகுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்' என்று எழுதினேன்.

செனவாங்கில் அவருடைய அலுவலகத்துக்கு நானே தொலைபேசினேன். எடுத்த பெண், முதலாளி பல்கலைக்கழக ஆட்களைப் பார்ப்பதில்லை என்றாள். "பாக்க வேணாம் மா. நீலாயில பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல்ல கூரை ஒழுகுது, சரிபண்ணலன்னா மூடிருவாங்க. இத மட்டும் அவருகிட்ட சொல்லுங்க" என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரே கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் வருகிற நாளன்று இயக்குநர் மாலையோடு முன்வாசலில் காத்திருந்தார். கக்கத்தில் அந்த நன்கொடைக் கையேடு. வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், கேட்டால்தானே! முதலாளியோ பின்வாசல் வழியாக, ஏணி கட்டிய லோரியில் வந்து இறங்கினார். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பழைய சட்டை, கையில் சுத்தியல். மேலே தட்டுவதும் குனிந்து பார்ப்பதுமாக நேரம் போனது. தூறல் போட ஆரம்பித்ததும் இயக்குநர் கையேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டார். முதல்முறையாக அது ஒரு காரியத்துக்கு உதவியது.

இறங்கி வந்தவர், "ஒட்டுப் போட்டா நிக்காது. முழுசா கழட்டிப் புதுசா போடணும்" என்றார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் பழக்கதோஷத்தில் நனைந்த கையேட்டை விரித்தார். "ஐயா, உங்க பேருல ஒரு பலகை..."

அவர் முகம் இறுகிவிட்டது. லோரிப் பக்கம் திரும்பினார்.

"பேர் வேணாம் ஐயா!" என்று கத்தியேவிட்டேன். "பலகையும் வேணாம், திறப்பு விழாவும் வேணாம்."

நின்றார். "யாரு மா சொன்னது உங்களுக்கு, எனக்குப் பேர் புடிக்காதுன்னு?"

"மொதல்ல யாரும் சொல்லல ஐயா. உங்க தோட்டத்துக் கோயில்ல சாப்புட உக்காந்தேன். மழை வந்துச்சு, மேல பாத்தேன். அப்புறந்தான் விசாரிச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எல்லாரும் டியூப் லைட்டப் படிப்பாங்க. மேல பாத்த மொத ஆளு நீங்கதான்."

இயக்குநர் மூச்சு விட்டார். ஆனால் முதலாளி இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. "வேலை நடக்கும்போது பிள்ளைங்க எங்க இருப்பாங்க?" என்று கேட்டார்.

"காலி பண்ணச் சொல்லிருவோம் ஐயா. கொஞ்ச நாள்தானே, வீட்டுக்குப் போயிட்டு..." என்று இழுத்தார் இயக்குநர்.

"காலி பண்ணக் கூடாது." குரலை உயர்த்தவில்லை. "ஒரு பக்கம் கழட்டி மாட்டி முடிச்சிட்டு மறுபக்கம் தொடுவேன். செலவு கூட ஆவட்டும், நாள் கூட ஆவட்டும். ஒரு பிள்ளையும் மூட்டையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா செய்றேன்."

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, "ஒத்துக்கறோம் ஐயா" என்றார். மேலிடத்தோடு அவர் அதற்காகச் சண்டை போட்டதையும் சொல்லியாக வேண்டும். கூரையோடு, விடுதியின் ஆண்டுச் செலவையும் முதலாளி ஏற்றுக்கொண்டதில் மூடுகிற பேச்சு அடங்கிப்போனது.

வேலை முடிந்தபின் வந்த முதல் பெருமழை ஒரு மத்தியானத்தில் வந்தது. குடையைத் தேடப் பொறுமையில்லாமல் நனைந்துகொண்டே விடுதிக்கு ஓடினேன். கட்டில்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தாதியர் படிப்புப் பெண் புத்தகங்களைச் சன்னல் ஓரம் அடுக்கி வைத்துவிட்டு, ஈரத்தலையோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள். பச்சைச் சட்டங்களுக்கு மேலே மழை இரைந்துகொண்டிருந்தது.

கைத்தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"நீலாயில மழையா மா?"

"ஊத்துது ஐயா."

"ஒழுகுதா?"

மேலே பார்த்தேன். "ஒரு சொட்டு இல்ல ஐயா."

தொலைபேசியைக் கூரைப் பக்கம் உயர்த்திப் பிடித்து அவருக்கு மழைச் சத்தத்தைக் கேட்கவிட்டேன். பிறகு, "பிள்ளைங்க எல்லாம் உள்ளதானே இருக்காங்க?" என்றார்.

"எல்லாரும் உள்ளதான் இருக்காங்க ஐயா."

"சரி மா" என்று வைத்துவிட்டார். இப்போதும் பெரிய மழை வந்தால் அந்த அழைப்பு வரும். வரும் என்று தெரிந்தே நான் முன்கூட்டியே விடுதியில் போய் நின்றுகொள்கிறேன்.