சாந்தகுமாரின் வலது காது

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் பீரோவில் இரண்டு மெடிக்கல் ரிப்போர்ட்கள் இருக்கின்றன. ஒன்று 2023 ஜனவரியில் எடுத்தது. இன்னொன்று அதே வருஷம் ஜூனில். இரண்டிலும் என் பெயர், என் வயது, என் காதுகள். சந்தேகப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சௌகரியம் எதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.10. வெளியே சித்தூர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் கோவர்த்தனன். ஊர் நகரிப் பக்கம். திருப்பதியில் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்துவிட்டு, சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். மெஷின்களின் அதிர்வை அளப்பது என் பொறுப்பு. ஓடுகிற மெஷின் எதுவாக இருந்தாலும் அதிரும். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றினால், நொடிக்கு 24 அதிர்வு. அந்தக் கணக்குக்குச் சேராத எண் ஏதாவது எட்டிப் பார்த்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். இதற்கென்று என்னிடம் ஒரு மீட்டர் உண்டு. காந்தம் வைத்த சென்சாரை மெஷினில் ஒட்டினால் திரையில் எல்லாம் தெரியும்.

சாந்தகுமாரிடம் இருந்தது ஒரு ஸ்குரூ டிரைவர்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். மஞ்சள் பிடி போட்ட நீளமான ஸ்குரூ டிரைவர் வேலை நேரத்தில் எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் பிடியால் மூன்று தட்டு தட்டுவான். டக், டக், டக். பிறகு முனையைப் பேரிங்கில் வைத்து, பிடியை வலது காதுப் பக்கம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். பத்து நொடி.

"ரெண்டு நாள்தான் தாங்கும். மாத்திடு" என்பான்.

சரியாக இரண்டு நாள்தான் தாங்கும்.

என் மீட்டர் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான். ஒருமுறையாவது இவன் தப்பாகச் சொல்லட்டும் என்று திருச்சானூர்த் தாயாரிடம் வேண்டிக்கொண்டவன் நான். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி என்ன பயன்? ஏழு வருஷம் வயிறு எரிந்தது. போதாததற்கு, பக்கத்தில் நின்று கூப்பிட்டால் சில நேரம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தலைக்கனம் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் அவன் செத்துப்போனான். பைபாஸ் ரோட்டில் பைக்கில் போனவனைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. "ஹாரன் அடிச்சிக்கினேதான் வந்தேன். ஒதுங்கவே இல்ல" என்று டிரைவர் அழுதானாம்.

கல்லறைத் தோட்டத்தில் நானும் அழுதேன். அது பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலை, அவன் மனைவி சுஜிதா சாமான்களை எடுக்க வருவதற்கு முன்னால், அவன் லாக்கரைத் திறந்து அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன். "அண்ணா, அவரோட மஞ்சா ஸ்குரூ டிரைவர் எங்கனா கீதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

செத்த பிறகாவது விட்டானா? இல்லை. எதற்கெடுத்தாலும் அவன் பேச்சுதான். அந்த ஸ்குரூ டிரைவரைக் காதுக்குள் வைத்து நானும் பல தடவை கேட்டுப் பார்த்தேன். வெறும் கடமுடா சத்தம். அவனுக்கு மட்டும் அதில் என்ன கேட்டது?

ஏப்ரல் 22, சனிக்கிழமை. சீசன் தொடங்கப் போகிறது. பழத்தைக் கூழாக்கும் பெரிய பல்ப்பர் மெஷினின் பேரிங் மேல் எல்லோருக்கும் சந்தேகம். என் மீட்டர் ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்றது, மறுநாள் இல்லை என்றது. மேனேஜர் வேங்கடாசலம் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ் பேசுகிறவர்.

"சாந்தகுமார் உண்டே... இருந்திருந்தா ஒக்க நிமிஷத்துல சொல்லியிருப்பான். சோமவாரம் காலைல நீ சொல்லு. மாத்தணுமா, வேணாமா? தப்பாச்சின்னா இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் ரங்கன் மட்டும். இரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டதாகச் சொன்னார். எனக்கு அதுவும் நல்லதுதான். பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்க்கத்தான் வந்திருந்தேன். இருந்தாலும் மெயின் ஸ்விட்சை இறக்கி, என் பூட்டைப் போட்டுப் பூட்டினேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

2.10. சென்சாரைப் பேரிங் மேல் ஒட்டினேன். மீட்டர் பேட்டரியில் ஓடுவது. திரையில் பூஜ்யம்.

2.14. டார்ச் எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது திரையில் மூன்று கோடுகள் எழும்பி நின்றன. மூன்றும் ஒரே உயரம்.

ரோட்டில் லாரி போயிருக்கும். தரை வழியாக அதிர்வு வரும்தானே? பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று...

எனக்குப் பயம் வரவில்லை. படித்த படிப்பு அப்படி. அதிர்வு பிறந்த இடத்தில் பலமாக இருக்கும், தூரம் போகப் போகத் தேயும். ஆகவே எங்கே அதிகமாகக் காட்டுகிறதோ அங்கேதான் பிறக்கிறது. சென்சாரைத் தரையில் வைத்தேன். லேசாகத் தெரிந்தது. சுவரில் வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி பேரிங்கில் ஒட்டினேன். திரை நிறைய எழும்பியது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

2.19. ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. மோட்டார் ஜில்லென்று இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி என் பையில் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. எனக்கு வந்தது முதலில் கோபம். சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான்.

"இங்கயும் நீதானா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

கூரைத் தகடு மட்டும் வெயிலில் படபடத்தது.

இடுப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். முனையைப் பேரிங்கில் வைத்தேன். பிடியை வலது காதுக்குள் அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஏதோ அவமானம் மாதிரி இருந்தது. யாருமே இல்லாத ஷெட்டில், செத்துப்போனவன் முன்னால் தோற்றுப்போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

2.24. மணி பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

"போனதுதான் போன. அந்தக் காத எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாம் இல்லடா?" என்றேன்.

தட்டல் நின்றது.

மீட்டரில் பூஜ்யம்.

பிறகு ஸ்குரூ டிரைவரின் பிடி நகர்ந்தது... காதுத் துளையிலிருந்து ஒரு அங்குலம் பின்னால். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல்.

நான் நகர்த்தவில்லை.

யாரோ என் கைமேல் கை வைத்து, குழந்தைக்கு எழுதச் சொல்லித் தருவது போல, மெதுவாக நகர்த்தினார்கள்.

கேட்டது.

மெஷின் ஓடியது. என் மண்டைக்குள் ஓடியது. 1440 சுற்றும் ஒவ்வொன்றாக. நடுவில் நறுக்... நறுக்... என்று ஒரு விரிசலின் சத்தம். அவ்வளவு தெளிவாக.

கண்ணைத் திறந்தேன்.

ஷாஃப்ட் அசையாமல் இருந்தது.

பிடியை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. அழுத்தம் கூடியது.

மெஷின் சத்தம் அடங்கியது.

மூச்சு. யாரோ மூச்சு விடும் சத்தம்.

என் வலது காதுக்குள், மிக அருகில்...

"கேக்குதா?"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கேட்டை அடைந்தபோது மணி 2.31. ரங்கன் எழுந்து நின்றிருந்தார்.

"இன்னா சார், மெசின ஓட்டிக்கினு இருந்தியா? இங்க தரையெல்லாம் அதிருது. கரண்டே வர்லியே, எத்த வச்சி ஓட்டின?"

பைக்கை எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, பேரிங்கை மாற்றச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே முடி அளவுக்கு விரிசல். இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் ஷாஃப்டே போயிருக்கும் என்றார்கள். வேங்கடாசலம் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "அச்சம் சாந்தகுமாரே!" என்றார் தெலுங்கில். அப்படியே சாந்தகுமாராம். பாராட்டிலும் அவன் பெயர்தான். ஆனாலும் இன்சார்ஜ் போஸ்ட் எனக்குக் கிடைத்தது. அந்த சீசன் முழுக்க ஸ்குரூ டிரைவரை எலும்பில் வைத்தேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் மனைவி ரூபாதான் முதலில் கவனித்தாள். "இந்தப் பக்கம் படுத்துக்கினு பேசனா நீ பதிலே சொல்ல மாட்ற" என்று சண்டை போட்டாள். மெஷின் இரைச்சலில் காது அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஜூனில் போன் பேசும்போது சோதித்துப் பார்த்தேன். வலது காதில் வைத்தால் எதுவும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் காது கடைசியாகக் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

வேலூரில் பெரிய டாக்டரிடம் போனேன். டியூனிங் ஃபோர்க் என்கிற இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்தார், எலும்பில் வைத்தார், நெற்றியில் வைத்தார். அடைத்த அறையில் உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துதா?"

"இல்லீங்க."

"வந்திருக்கும். நரம்பு போய் இருபத்தஞ்சு வருஷமாவது இருக்கும். புதுசா போயிருந்தா தலை சுத்தும், நடக்க முடியாது. உங்க உடம்பு இதுக்கு நல்லாப் பழகிப்போயிருக்கு."

ஜனவரி ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஃபாக்டரியில் வருஷா வருஷம் நடக்கும் காது பரிசோதனை. இரண்டு காதும் நார்மல் என்று எழுதியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேற யாரோடதோ மாறிப்போயிருக்கு" என்றார்.

அன்று சாயங்காலமே சித்தூரில் சுஜிதா வீட்டுக்குப் போனேன். திருடியதைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று. நான் எதுவும் ஆரம்பிக்கவில்லை. என் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், ஏதோ பேசினாள் போலிருக்கிறது. பிறகு என் முகத்தையே பார்த்தாள். எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குமா அண்ணா?" என்றாள்.

அவளே சொன்னாள்.

"அவருக்கு வலது காது சுத்தமா கேக்காது. அஞ்சாங்கிளாஸ் படிக்கசொல்ல பொன்னுக்கு வீங்கி வந்து போயிடுச்சி. எலும்புல வச்சா மண்டையெல்லாம் கேக்கும்னு சொல்லுவாரு. வேல போயிடும்னு யாருக்கும் சொல்லல. காது டெஸ்ட்டு எடுக்க வந்தா அன்னிக்கு லீவு போட்ருவாரு. அந்த லாரி... வலது பக்கமாத்தான வந்துச்சி."

நான் தினமும் அதே பைபாஸில்தான் பைக்கில் போகிறேன்.

ஸ்குரூ டிரைவரை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"நீங்களே வச்சிக்கோங்க. அவரு சிரிச்சிக்கினே அடிக்கடி சொல்லுவாரு. கோவர்த்தனனுக்கு என் காது மேல ஒரு கண்ணு சுஜி, வேணும்னா குடுத்துட்டுப் போறேன், வாயத் தெறந்து சொல்ல மாட்றான்னு."

நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தேன். ஏப்ரல் 23. மதியம் 2.24.