நம்பர் ஒன்று எது

எங்கள் ஜீப் கிளப் எப்படி ஆரம்பமானது என்று கிளப் மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய வாகனங்கள் மேல் கொண்ட காதலால் ஆரம்பித்தோம் என்று எழுதினால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அது ஆரம்பித்தது ஒரு குழப்பத்தில். அந்தக் குழப்பம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவுமில்லை.

எழுபதுகளின் நடுவில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பூனாகலைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்தவர்கள் கராஜில் நின்ற மூன்று பழைய ஜீப்புகளையும் விற்றுவிட முடிவு செய்தார்கள். மூன்றும் யுத்த காலத்து வண்டிகள், ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றியவை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதால், மழையில் லொறி சறுக்குகிற மண் ரோட்டிலும் முக்கி முனகி ஏறிவிடும். பம்பரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். நம்பர் ஒன்று துரையுடையது. அதைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவர் என் அப்பா.

நான் அப்போது பண்டாரவளையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா வேலையிலிருந்து நின்று, இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பயண நாள் குறித்து வரும் கடிதத்துக்காக அம்மாவோடு தோட்டத்து லயத்து வீட்டில் காத்திருந்தார். கலியாணமாகியிருந்த நான் மனைவி வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வீட்டுச் சனம், இரண்டு நாடு. இதில் என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான் என்று பட்டது. அப்பா ஓட்டிய ஜீப்பை வாங்க வேண்டும். போகிற அன்றைக்கு அவரைத் துரை உட்காரும் இடது பக்க சீட்டில் உட்காரவைத்து அப்புத்தளை ஸ்டேஷன் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

விற்பதற்கு முன்னால் எந்த மகராசனோ மூன்றுக்கும் புதுப் பச்சை அடித்து, பம்பர் எழுத்தை அழித்துவிட்டான். எனக்கென்ன, துரை ஜீப்பின் நம்பர் பிளேட் மனப்பாடம். தேடிப் பார்த்து அதையே வாங்கினேன். இன்னொன்றைப் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் வாங்கினார். மூன்றாவதை எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்த டீமேக்கர் வாங்கினார்.

முதலாளி சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில், பழைய கார் வைத்திருப்பவர்கள் கிளப் சேர்ந்து ஊர்வலம் போவதைப் பார்த்துவிட்டு வந்தார். பிடித்தது சனி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெரகல சந்தியில், ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால், மூன்று ஜீப்பையும் நிறுத்தி எங்கள் கிளப்பைத் தொடங்கிவிட்டார். தலைவர் அவரே. முதல் சட்டம் போட்டதும் அவரே. வண்டி அசலாக இருக்க வேண்டும். வண்டிப் பதிவுப் புத்தகத்திலுள்ள இஞ்சின் நம்பரும் வண்டியிலுள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் படித்தோம்.

"தம்பி, ஒங்கட புத்தகத்துல ஈக்கிற இஞ்சின் எண்ட ஜீப்புல ஈக்கிதே!" என்றார் முதலாளி.

அவர் புத்தகத்து இஞ்சின் டீமேக்கர் ஜீப்பில் இருந்தது. டீமேக்கர் புத்தகத்து இஞ்சின் என் ஜீப்பில். அப்புறம் சண்டை பிடித்துக்கொண்டது. இஞ்சின்தான் வண்டிக்கு உயிர், ஆகவே துரை ஜீப் தன்னுடையது என்றார் முதலாளி. துரை புகைக்கிற பைப்பின் சாம்பலைத் தட்டும் தகரக் கிண்ணம் தன் ஜீப்பில் இருப்பதைக் காட்டி, "இதாங்க தொர வண்டி, சந்தேகமே இல்ல" என்றார் டீமேக்கர். நான் நம்பர் பிளேட்டைத் தட்டித் தட்டிக் காட்டினேன். கையிலிருந்ததையெல்லாம் கொட்டி வாங்கியது அப்பா ஓட்டிய ஜீப் இல்லையென்றால் என்ன செய்வது?

கடைசியில் முதலாளி தீர்ப்புச் சொன்னார். மூன்றையும் கழற்றி, அதனதன் பொருளை அதனதன் வண்டியில் போட்டுவிடுவது. நானும் மண்டையை ஆட்டினேன். பண்டாரவளையில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒரே வாரத்தில் மூன்று ஜீப்பும் தரையில் கிடந்தன. இஞ்சினிலாவது நம்பர் இருந்தது. கியர் பெட்டி யாருடையது? ஸ்டியரிங் யாருடையது? பாஸ் தலையைச் சொறிந்தார். அந்த வாரம் பார்த்துத்தானா அப்பாவுக்குக் கடிதம் வர வேண்டும்? இன்னும் பத்தே நாள் என்று போட்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட்டிய மனுஷனுக்கு வண்டி தெரியாமலா போகும் என்று அப்பாவைக் கராஜுக்கு அழைத்துப்போனேன். அவர் குவியலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதெல்லாம் நாங்க கலந்ததுதான்" என்றார்.

துரை வண்டி ஒரு நாள் காலையிலும் நிற்கக் கூடாது. தோட்டத்து கராஜில் அதுதான் சட்டமாம். நம்பர் ஒன்றில் எது பழுதானாலும், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்பதற்குள் இரண்டிலிருந்து கழற்றிப் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கு மூன்றிலிருந்து எடுப்பார்கள். மூன்று உரம் ஏற்றுகிற வண்டிதானே என்று பழுதானதைத் தட்டிக்கொட்டி அதில் மாட்டுவார்கள். ஒரு வருஷம் நம்பர் ஒன்றின் பாடியே துருப்பிடித்துப் போக, நம்பர் பிளேட்டுகளையும் பம்பர்களையும் மாற்றி மாட்டிவிட்டார்களாம். துரை ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை.

"அப்ப நீங்க ஓட்டுனது எதுப்பா?"

"நம்பர் ஒண்ணு."

"அதான், இதுல எது நம்பர் ஒண்ணு?"

"தொர எதுல ஏறுறாரோ அது" என்றார், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "எது பொருந்துதோ அதப் போட்டு முடிங்க பாஸ், எனக்கு வண்டி ஓடுனாப் போதும்" என்று கத்திவிட்டேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். லயத்தில் சாமான் கட்டுகிற வேலையை அம்மா தலையில் விட்டுவிட்டு, அவரும் பாஸுமாக நாள் முழுக்க மாட்டினார்கள். பயணத்துக்கு முந்தின நாள் மூன்றும் ஓடின. எதில் எது போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. முதலாளியும் சட்டத்தைத் திருத்தினார். ஓடுகிற வண்டியெல்லாம் அசல். எங்கள் கிளப்பில் இன்றைக்கும் அதுதான் சட்டம்.

போகிற அன்றைக்கு நல்ல பனி. தகரப் பெட்டியோடும் தலையணை மூட்டையோடும் அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். நான் இடது பக்க சீட்டைத் துடைத்துவிட்டு, "ஏறுங்கப்பா" என்றேன். அப்பா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பனி எறங்கியிருக்கு. நீ புதுசா ஓட்டுறவன். நான் ஓட்டுறேன்" என்றார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது உக்காருங்கப்பா."

"பேசாம ஏறு, நேரமாச்சு" என்று அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தேன். கோபத்தில் அவர் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பெரகலயிலிருந்து ஏறுகிற வளைவுகளில் அவர் கியர் மாற்றுவது காதுக்குக்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக ஓட்டுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் எப்போது அவரோடு போயிருக்கிறேன்?

ஸ்டேஷன் வாசலில் ஒரே அழுகையும் கூட்டமும். அப்பா வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கான்வஸ் கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்தபடி, ஓரடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருஷப் பழக்கம். செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இறங்குவதா, கதவை இழுத்துச் சாத்திக்கொள்வதா என்று புரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எறங்குப்பா, கோச்சி வருது" என்றார் அம்மா பின்னாலிருந்து.

இறங்கினேன். அப்பா கதவைச் சாத்தி, கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, நான் எட்டிப் பிடிப்பதற்குள், தகரப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.