கணக்கு டீச்சரின் தப்புகள்

“ஏழெட்டு ஐம்பத்தி நாலு” என்று பலகையில் எழுதிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார் கணக்கு டீச்சர். வகுப்பே எகிறிக் குதிக்கிறது. “தப்பு டீச்சர்!”

“எங்க? என் கண்ணுக்குத் தெரியலையே!”

மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் தமிழ் நடத்தும் எனக்கு இலக்கணம் மறந்துபோகிறது. என் மாணவர்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

“என்னை மாட்டிவிடறதுல பிள்ளைங்களுக்கு அப்படி ஒரு குஷி சார். அதுக்காகவே வீட்டுல படிச்சிட்டு வருதுங்க. பயந்து நடுங்குற பிள்ளைக்குக் கணக்கு எங்க ஏறும்?” என்பார். ஒருமுறை மாட்டினால் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டு நடிப்பார். நடிப்பு சுமார்தான்.

அந்த வகுப்பில் ஒருத்திக்கு ‘வயித்துவலி’ என்றே பட்டப்பெயர். கணக்குப் பாடவேளை வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். டீச்சரின் தப்புகள் ஆரம்பித்த பிறகு வலி மெல்ல நின்றது. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

இதற்கிடையே பெற்றோர் சிலர் புகார் சொல்ல, தலைமையாசிரியை கண்டித்தார். “இனிமே போர்டுல ஒரு தப்பு இருந்தா உங்களை வேற வகுப்புக்கு மாத்திடுவேன்.” மறுநாளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும்விட்டார்.

அன்று டீச்சர் பெட்டிப்பாம்பாக அடங்கி, சமன்பாடு நடத்தினார். வகுப்பு கொட்டாவி விட்டது. பாதியில் ஒரு மெல்லிய குரல் எழுந்தது.

“டீச்சர்... அந்த மைனஸ் அஞ்சு, இந்தப் பக்கம் வந்தா பிளஸ் ஆகணும்ல?”

எழுந்து நின்றவள் வயித்துவலி.

டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. இது நடிப்பில்லை என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது.

“இதுவும் உங்க விளையாட்டா?” என்றார் தலைமையாசிரியை.

“இல்ல மேடம். இது சொந்தத் தப்பு.”

தலைமையாசிரியை வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். டீச்சர் அந்தப் பெண்ணின் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். அவளுடைய இடத்தில் போய், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தார். அவள் மைனஸை அழித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு, பலகையைப் பார்த்தபடியே விளக்கி முடித்தாள்.

டீச்சர் கையைத் தூக்கினார். “எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க, டீச்சர்.”