இராஜநாயகத்தின் வியாழக்கிழமைப் படம்

ரோச் லைற்றை ஆடாமல் பிடிக்க இராஜநாயகத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. மகள் றஜிதா வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, படம் வாசிக்கும் உருளையைத் துடைப்பாள். அவர் பக்கத்தில் குந்தியிருந்து வெளிச்சம் பிடிப்பார். வெளிச்சம் அந்த உருளையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விழும்.

“அப்பா, இஞ்சை பிடியுங்கோ.”

“பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்.”

“என்ரை முகத்துக்கெல்லோ பிடிக்கிறியள்.”

“அதுவும் துடைக்கத்தான் கிடக்கு, பிள்ளை.”

புதன்கிழமை தோறும் இந்த வேலை இருந்தது. எவ்வளவு துடைத்தாலும் அடுத்த புதன் அந்த உருளையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். றஜிதா இலெக்ட்ரோனிக்ஸ் டிப்ளோமா எடுத்தவள். வியா மக்வேதாத் தெருவில் தொலைக்காட்சி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறவள். அதனால் காரணத்தை உடனே கண்டுபிடித்தாள்: அப்பா பொரிக்கிற மீனின் எண்ணெய்ப் புகை. டெக்கைக் குசினியிலிருந்து தள்ளி வைத்தாள். பிசின் போகவில்லை. மீன் பொரிப்பதை நிறுத்தினாள். பிசின் போகவில்லை, மீன்தான் போனது.

இத்தாலியில், பலேர்மோவில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அன்றைக்கு ஒரேத்தோப் பக்கம் இருந்த இராஜநாயகத்தின் வீட்டில் கதிரை போதாது. தமிழ்ப் படக் கசற் எல்லார் வீட்டிலும் கிடந்தது. இங்கே அவர்கள் பார்க்க வந்தது ஒரேயொரு இத்தாலியன் கசற்றை. இன்னும் சரியாகச் சொன்னால், அதை இராஜநாயகம் தமிழில் சொல்வதைக் கேட்க.

அமெரிக்காவில் அறுபதுகளில் நடந்த கதை. கறுப்பு இளைஞர்கள் கூடி ஓர் இயக்கம் தொடங்குகிறார்கள். கறுத்தக் கோட்டுப் போட்டு அணிவகுக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைச்சாப்பாடு கொடுக்கிறார்கள். பொலிஸ் யாரையாவது மறித்தால் பக்கத்தில் போய் நின்று சட்டம் கேட்கிறார்கள். ரீவியில் போனபோது இராஜநாயகம் தானே பொத்தானை அமத்திப் பதிந்த படம். அதில் அவருக்கு இருந்த பெருமை, படத்தை எடுத்தவருக்கு இருந்திருக்குமோ தெரியாது.

ரீவிக்குப் பக்கத்தில் மொப் தடியோடு நிற்பார். யார் கதைக்கிறார்களோ அவர் தலையில் தடி நுனி போகும். அவருடைய இத்தாலியன் முழுவதும் அவர் வேலைக்குப் போகிற ஒரு வயதான சினியோறா அம்மாவின் வீட்டில் பொறுக்கினது. மாபிள் துடைக்கவும், கோப்பி வடிக்கவும், மருந்து நேரம் சொல்லவும் அது போதும். புரட்சிக்குத்தான் சொல் தட்டுப்பாடு. மேடையில் தலைவர் நெடுநேரம் முழங்குவார். இராஜநாயகம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இனி ஒருத்தருக்கும் குனிஞ்சு நிக்கிறேல்லையாம்” என்று முடிப்பார். பொலிஸ் வருகிற இடங்களில் மட்டும் அவருக்குத் தயக்கமே கிடையாது.

“பேர்மெஸ்ஸோ எங்கை எண்டு கேக்கிறான்.”

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் அந்த வதிவிடப் பத்திரத்துக்காக வரிசையில் நின்று கால் கடுத்த கூட்டம் அது. எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து இருப்பார்கள். பின்வரிசையிலிருந்து றோபேட் விடமாட்டார்.

“அண்ணை, அவங்கள் அங்கை பிறந்த ஆக்களெல்லோ. அவங்களுக்கென்ன பேர்மெஸ்ஸோ?”

“தோல் கறுப்பெண்டால் பிறந்த இடத்திலையும் கேப்பாங்கள். நீ கதைக்காமல் படத்தைப் பார்.”

றஜிதாவுக்கு நல்ல இத்தாலியன் தெரியும். அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் படத்தில் இல்லை என்பதும் தெரியும். ஒருமுறை திருத்தப் பார்த்தாள். “அப்பாவைச் சொல்ல விடு பிள்ளை, எங்களுக்குக் கதை விளங்க வேணும்” என்று சபை அவளை இருத்திவிட்டது.

முன்வரிசை ஓரக்கதிரை குகனேஸ்வரிக்கு. அவருடைய மகன் விதுரன் யாழ்ப்பாணத்தில் இயக்கத்துக்குப் போனவன். பிறகு ஒரு சேதியும் இல்லை. படத்தில் இயக்கத்தின் பத்திரிகை விற்கிற ஒரு பெடியன் வருவான். பெயர் வாயில் நுழையாததால் இராஜநாயகம் அவனைத் தம்பி என்றே சொல்வார். அவன் நடந்து வந்தால் குகனேஸ்வரி முன்னுக்குச் சாய்வார். “உந்த நடை அப்பிடியே எங்கடை விதுரன்” என்பார். கடைசியில் தம்பி ஒரு வீட்டில் ஒளிந்து படுத்துக் கிடக்க, தெருமுனையில் பொலிஸ் கார்கள் வந்து நிற்கும். அத்தோடு திரை முழுக்கப் புள்ளி பறக்கும்.

“கசற் முடிஞ்சுது” என்பார் இராஜநாயகம்.

ஏன் முடிந்தது என்று றஜிதா ஒருநாள் சபைக்கு விளக்கினாள். படத்தின் நீளம், இடையில் வந்த விளம்பரம், நாடாவின் அளவு எல்லாம் கூட்டிக் கழித்து, கசற் அந்த இடத்தில்தான் முடிய வேண்டும் என்று நிறுவிக் காட்டினாள். விடை சரியாக வந்தது. அப்பா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

“அண்ணை, அந்தப் பெடியன் தப்பினவனோ?” குகனேஸ்வரி கேட்பது அதை மட்டும்தான்.

“பகேரியாவிலை சினியோறாவின்ரை மருமேன் வீடியோக் கடை வைச்சிருக்கிறான். அவனிட்டை முழுப்படமும் இருக்காம். வாற வியாழனுக்குள்ளை எடுத்துக்கொண்டு வாறன், தங்கச்சி.”

“அவசரமில்லை அண்ணை.”

வருகிற வியாழன் ரயில்காரர் ஷோப்பெரோ, வேலைநிறுத்தம். அதற்கடுத்தது மழை. பிறகு கடை பூட்டு. “இஞ்சை பார், ரிக்கற்றும் எடுத்துப்போட்டன்” என்று நீலக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டியும் இருக்கிறார். ஸ்டேசன் மெசினில் குத்தினால்தான் அந்த ரிக்கற்றுக்கு உயிர் வரும். அது குத்தப்படாமல் திரும்பப் பைக்குள் போகும். “நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்று றஜிதா சொன்னபோது, “உனக்கேன் அலைச்சல், பிள்ளை” என்றுவிட்டார். மகளில் அவருக்கு எவ்வளவு கரிசனை என்று அவள் நினைத்தாள்.

கடைசிப் புதனும் ரோச் அவள் முகத்துக்குத்தான் வந்தது. மறுநாட் காலை சினியோறா வீட்டு மாடிப்படியைத் துடைத்து முடித்து இளைப்பாற இருந்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து றஜிதா அந்தக் கசற்றைத் தனியே ஒருமுறை ஓடவிட்டாள், பிறகு டெக்கைத் திறந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரோச்சை வாயில் கடித்துக்கொண்டாள். வெளிச்சம் ஆடாமல் நின்றது. மீன் பொரிக்காத வீட்டில், அப்பா இல்லாத வீட்டில், உருளையில் அதே பிசின். அப்போதுதான் கசற்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஐந்து திருகாணி இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. இவ்வளவு நாளும் அவள் கண்ணில் படாத ஓட்டை.

திறந்தாள். நாடாவின் கடைசிப் பகுதியைக் காணவில்லை. வெட்டின முனை, வீட்டில் பார்சல் கட்டுகிற ஒட்டுப்பட்டியால் ஒட்டப்பட்டிருந்தது. டெக்கின் தலையெழுத்தே அந்தப் பட்டியின் பசைதான். அப்பா அந்தப் பகுதிக்கு மேலே வேறு எதையாவது பதிந்து அழித்திருக்கலாம். இரண்டு பொத்தான் வேலை. மகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மகளைக் கேட்க முடியாத வேலை என்பதால் கத்தரிக்கோல் எடுத்திருக்கிறார். டிப்ளோமாக்காரி புதன் தோறும் அந்தப் பசையைத் துடைத்து, மீனில் பழி போட்டு, இல்லாத நாடாவுக்குக் கணக்கும் காட்டியிருக்கிறாள்.

வெட்டின துண்டு தையல் சாமான் போடும் பிஸ்கற் ரின்னில், வெறும் நூற்கட்டையில் சுற்றிக் கிடந்தது. கடைக்குக் கொண்டுபோய் முறைப்படி பொருத்திப் பார்த்தாள். பொலிஸ் கதவை உடைக்கிறது. தம்பி எழும்பவில்லை. அவனுடைய தாய் வருகிறாள்.

றஜிதா நாடாவை மறுபடி வெட்டினாள். அதே இடத்தில். இம்முறை பசை கசியாத ஒட்டுப்பட்டியால் ஒட்டினாள். துண்டு நூற்கட்டைக்குத் திரும்பியது.

அந்த வியாழன் சனம் வந்தது. மொப் தடியை அவள் எடுத்துக்கொண்டாள். சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தாள். யாருக்கும் பிடிக்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

“பிள்ளை,” றோபேட் மெதுவாகக் கேட்டார், “உவன் பேர்மெஸ்ஸோ கேக்கேல்லையோ?”

திரையில் பொலிஸ்காரன் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

“கேட்டவன் மாமா. பேர்மெஸ்ஸோ எங்கை எண்டு கேக்கிறான்.”

கதிரைகள் நிமிர்ந்தன. அதன்பிறகு படம் ஓடியது.

புள்ளி பறந்ததும் மற்றவர்கள் எழும்பினார்கள். குகனேஸ்வரி எழும்பவில்லை.

“அப்பா பகேரியாவுக்குப் போனவரோ, பிள்ளை?”

றஜிதா கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலக் கோட்டின் பையிலிருந்து ரிக்கற்றை எடுத்துக் காட்டினாள். “எடுத்து வைச்சவர் அன்ரி. அதுக்குள்ளை…”

“அப்ப நீ போவியோ?”

“ஓம். இந்தக் கிழமை ஷோப்பெரோவாம். வாற வியாழனுக்குள்ளை எடுத்துக்கொண்டு வாறன்.”

குகனேஸ்வரி அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவசரமில்லை, பிள்ளை.”

றஜிதா ரிக்கற்றைக் கோட்டுப் பைக்குள் திரும்ப வைத்து, பொத்தானைப் பூட்டினாள்.